வண்டி வைத்தியம்: போன இன்ஜினைத் தேற்றுவதா, வேறு இன்ஜின் ஏற்றுவதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய ஜீப் வகை வண்டிகளின் இன்ஜின் பற்றியவை. எல்லாவற்றிலும் ஒரே தவிப்பு. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என்னிடம் 1991 மாடல் மகிந்திரா எம்.எம்.540 ஜீப் இருக்கிறது. பியூஜோ டீசல் இன்ஜின். ஏலத் தோட்டத்துக்கு ஆளும் உரமும் ஏற்றிப் போகும் வண்டி. போன மாதம் போடிமெட்டு ஏற்றத்தில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. டெம்பரேச்சர் முள் மேலே போகவே இல்லை. இன்ஜின் தானாக நின்ற பிறகுதான் விஷயமே தெரிந்தது. ஆறிய பின் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் 'டொக் டொக்' என்று சத்தம். ஆயில் மூடியைத் திறந்தால் புகை. ஒரு மெக்கானிக் முழு இன்ஜின் வேலைக்கு 90,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் மகிந்திரா கமாண்டர் ஜீப்பில் இருந்து கழற்றிய டி.ஐ. (நேரடி இன்ஜெக்‌ஷன்) டீசல் இன்ஜினை 60,000க்கு ஏற்றித் தருகிறேன் என்கிறார். எதற்குப் போவது?
வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: இரண்டு தொகையையும் ஒதுக்கி வையுங்கள். இரண்டு பேருமே இன்ஜினைத் திறந்து பார்க்காமல் விலை சொல்லியிருக்கிறார்கள். உங்கள் இன்ஜினில் எது உருகியது, எது தப்பியது என்று தெரியாதவரை 90,000 என்பதும் 60,000 என்பதும் வெறும் எண்கள்.

முள் ஏன் ஏறவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். டெம்பரேச்சர் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் மொத்தமும் போனால் அது காற்றில் நிற்கிறது. இன்ஜின் கொதிக்கும்போதும் முள் பேசாமல் கிடக்கும். மலைப்பாதை வண்டிக்கு ரேடியேட்டரின் மேல் தொட்டியில் ஒரு தண்ணீர் மட்ட அலாரம் போடுங்கள். எந்த இன்ஜின் ஏற்றினாலும் இது வேண்டும்.

இனி சோதனை. வண்டியை இப்போதைக்கு ஓட்ட வேண்டாம். ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடியுங்கள். ஃபில்டரை அறுத்து, காகித மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறச் செதிலோ செம்புத் துகளோ மின்னினால் பேரிங் மேல்பூச்சு உரிந்து உள் அடுக்கு வெளியே வந்துவிட்டது. அப்படியானால் இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஒவ்வொரு சுற்றும் கிராங்க்கை (பிஸ்டன்கள் சுற்றும் முதன்மைத் தண்டை) தின்னும். துகள் இல்லை என்றால் மட்டும் புது ஆயில் ஊற்றி, ஐடிலில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரின் நாசில் பைப் நட்டையும் துணியைச் சுற்றிக்கொண்டு கால் சுற்று தளர்த்துங்கள். எந்த சிலிண்டரைத் தளர்த்தும்போது சத்தம் அடங்குகிறதோ, அந்தக் கனெக்டிங் ராடின் பேரிங்கோ பிஸ்டனோதான் குற்றவாளி. டீசல் பீய்ச்சும் இடத்தில் கையோ முகமோ வேண்டாம். தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தம் அது.

அடுத்து ஹீட்டர் பிளக் துளை வழியாகக் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். இந்த வகைப் பழைய டீசலில் 300 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் மலைக்குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆகவே முரண்டு பிடிக்கும். மொத்த அளவை விட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) இறக்க வேண்டியதுதான்.

ஹெட்டை இறக்கியதும் மெக்கானிக் கையில் ஸ்பேனர் இருக்கக் கூடாது, அளவுகோல் இருக்க வேண்டும். பார்க்க வேண்டியவை:

ஹெட்: நேர்ப்பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்து நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் பாருங்கள். வளைவை ஃபேஸிங்கில் (முகத்தை லேசாகச் சீவிச் சமன் செய்வதில்) எடுத்துவிடலாம். விரிசல்தான் பயம். முன்னறை (டீசல் முதலில் பற்றும் சிறு அறை) வைத்த டீசல் ஹெட்டில் இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவிலும், சீட்டுக்கும் முன்னறைக்கும் நடுவிலும் விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் வழிகளை அடைத்து, காற்று ஏற்றி, வெந்நீரில் மூழ்கவைத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்டை ஃபேஸிங் எடுத்தால் வால்வு எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்ற அளவும், முன்னறைத் தகட்டின் மட்டமும் மாறும். அதைச் சரிசெய்யாமல் மூடினால் வால்வு பிஸ்டனைத் தட்டும்.

போர் (சிலிண்டர் துளை): ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில், மொத்தம் ஆறு அளவு எடுக்க வேண்டும். தேய்மானமும் கோணலும் சேர்ந்து 0.15 மி.மீ.க்குள் இருந்து, சுவரில் ஆழக் கீறலும் இல்லையென்றால் ஹோனிங்கும் (சுவரை உரசி மெல்லிய கோடு போடுவது) புது ரிங்கும் போதும் என்பது பட்டறைக் கணக்கு. அதற்கு மேல் போனால் துளையை அடுத்த சைஸுக்குப் பெரிதாக்க வேண்டும்; இதைத்தான் போர் போடுவது என்பார்கள். தண்ணீர் இல்லாமல் ஓடி நின்ற இன்ஜினில் அலுமினியம் பிஸ்டன் வீங்கிச் சுவரில் அப்பியிருக்கும். உங்கள் ஆயில் மூடிப் புகை அதைத்தான் காட்டுகிறது.

கிராங்க்: ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங் உட்காரும் பகுதி) மைக்ரோமீட்டரில் இரண்டு திசையில் அளந்தால் வட்டம் கெட்டிருக்கிறதா என்று தெரியும். 0.05 மி.மீ. தாண்டினால் கிரைண்டிங். அதற்கு முன் பழைய பேரிங்கின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்: ஸ்டாண்டர்டா, 10 தவ்வா, 20 தவ்வா என்று பொறித்திருக்கும் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்த ஒரு குறிப்பிலேயே பாதி முடிவு இருக்கிறது. முந்தைய ஓனர்கள் ஏற்கெனவே கடைசி சைஸ் வரை கிரைண்ட் செய்திருந்தால் இந்தக் கிராங்க்குக்கு மறுவாழ்வு கிடையாது.

இந்த மூன்றும் தேறினால் நீங்கள் கேட்ட கேள்விக்கு எங்கள் பதில்: இருக்கும் இன்ஜினையே வேலை செய்யுங்கள். கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ, ஹெட்டும் கிராங்க்கும் இரண்டுமே போயிருந்தாலோதான் மாற்று இன்ஜின் பேச்சு. ஒன்று மட்டும் போயிருந்தால் அந்த ஒன்றை அதே வகையில் வேறொரு பழைய இன்ஜினில் இருந்து வாங்கிக்கொள்ளலாம்.

வேலை செய்வதென்று முடிவானால் ஒரு நிபந்தனை. பிஸ்டன், ரிங், மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடின் கீழ்முனைப் பேரிங்), த்ரஸ்ட் வாஷர், கேஸ்கெட் செட் ஆகிய அத்தனையும் உங்கள் மேஜைக்கு வந்த பிறகுதான் பிளாக் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். எம்.எம்.540இன் பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜின் 90 மி.மீ. போர், 83 மி.மீ. ஸ்ட்ரோக், 2112 சி.சி.; உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆகிறது. போர் போட்டுவிட்டு அந்த சைஸ் பிஸ்டன் தேடி அலைபவர்கள் ஏராளம். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப போர் போடுவதே முறை. பெட்டியில் அச்சிட்ட சைஸை நம்பிப் போர் போடக் கூடாது.

இப்போது அந்த 60,000 ரூபாய் டி.ஐ. இன்ஜின். அது 88.9 மி.மீ. போர், 101.6 மி.மீ. ஸ்ட்ரோக், 2523 சி.சி. டிராக்டர் வழியில் வந்த இன்ஜின். கீழ்வேகத்தில் இழுக்கும், எங்கும் பாகம் கிடைக்கும், கிராமத்து மெக்கானிக்குக்கும் கை வரும். சுமை ஏற்றும் மலை வண்டிக்கு இந்தக் குணம் பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 60,000 இன்ஜினின் விலை மட்டுமே. அதைச் சுற்றி என்னென்ன வரும் பாருங்கள். பெல் ஹவுசிங் முகம் பொருந்துகிறதா? கிளட்ச் தட்டின் ஸ்ப்லைன் (பல்வரி) எண்ணிக்கை கியர்பாக்ஸ் ஷாஃப்டோடு ஒத்துப்போகிறதா? ஷாஃப்டின் முனை பைலட் பேரிங்கில் எத்தனை மில்லிமீட்டர் உட்காருகிறது? இன்ஜினைத் தாங்கும் ஃபவுண்டேஷன் பிராக்கெட்டைச் சேஸியில் எங்கே வெல்டிங் செய்வது? ரேடியேட்டரின் மேல், கீழ் வாய்கள் எந்தப் பக்கம்? சைலன்சர் முன்பைப், ஏர் கிளீனர் குழாய், ஆக்ஸிலரேட்டர் லிங்க், டீசல் ரிட்டர்ன் லைன், இன்ஜினை நிறுத்தும் கேபிள், ஆயில் பிரஷர் சென்சார், ஸ்டார்ட்டர் வயரிங் எல்லாமே கைவேலை. இவற்றில் கால்வாசியைக்கூட அந்த மெக்கானிக் 60,000இல் சேர்த்திருக்க மாட்டார். போதாததற்கு, அந்த டி.ஐ. இன்ஜினின் உள்ளேயும் யாரும் பார்த்ததில்லை.

அடாப்டர் தட்டு போட்டு கியர்பாக்ஸோடு சேர்ப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, கிராங்க் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மையமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் விடுவது. அரை மில்லிமீட்டர் விலகினால் போதும். பைலட் பேரிங் கத்தும், கிளட்ச் தட்டின் நடுப்பகுதி உடையும், கியர்பாக்ஸ் முன் பேரிங் போகும். கியர்பாக்ஸ்தான் மட்டம் என்று பழி அதன்மேல் விழும்.

வேகமும் குறையும். டி.ஐ. இன்ஜினின் உச்ச சக்தி 3200 ஆர்.பி.எம். பக்கம் முடிந்துவிடும், பியூஜோ 4500 வரை சுற்றும். ஆக்ஸில் ரேஷியோ அதேதான் இருக்கும் என்பதால் சமதள ரோட்டில் டாப் வேகம் விழும். தேனிக்கும் மதுரைக்கும் அடிக்கடி போகிற வண்டி என்றால் யோசியுங்கள். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் என்றால் பாதகமில்லை. அதிர்வும் கூடும், ஃபவுண்டேஷன் ரப்பரில் கஞ்சத்தனம் காட்டினால் ரேடியேட்டர் ஈயப்பற்று விடும்.

கடைசியாகக் காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: இன்ஜின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், மாற்றியதை 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு தெரிவித்துப் பதிய வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தில் இருந்து விலகும் மாற்றத்தைப் பதிய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. அனுமதியில்லா மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்று பிரிவு 182ஏ சொல்கிறது. 2112 சி.சி. வண்டியில் 2523 சி.சி. இன்ஜின் என்றால், இரண்டும் ஒரே கம்பெனி என்றாலும், முன் அனுமதி எழுத்தில் கைக்கு வராமல் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள். எண் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது இன்ஜின் எண்ணைத்தான். அதே எக்ஸ்.டி.பி. இன்ஜின் நல்ல நிலையில் கிடைத்தால் அதை ஏற்றுவது காகிதத்துக்கும் சுலபம், கைவேலையும் இல்லை. யாரும் உங்களிடம் சொல்லாத மூன்றாவது வழி இது.

கேள்வி: 2004 மாருதி ஜிப்ஸி கிங், எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் இன்ஜின். ஒரு தடவை சூடேறி நின்றது. இப்போது வெள்ளைப் புகை, தண்ணீர் குறைகிறது, இழுவை இல்லை. கம்ப்ரஷன் வரிசையாக 175, 95, 90, 178 என்று எழுதிக் கொடுத்தார்கள். "இன்ஜினே போச்சு, பழசு ஒன்று வாங்கி மாட்டிடலாம்" என்கிறார்கள்.
வாசகர், கோத்தகிரி

பதில்: அந்த நாலு எண்ணையும் இன்னொரு முறை படியுங்கள். ஓரத்து சிலிண்டர்கள் இரண்டும் நல்லா இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 2ம் 3ம் மட்டும் ஒரே அளவுக்கு விழுந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஹெட் கேஸ்கெட் எரிந்து, ஒன்றின் காற்று இன்னொன்றுக்குப் போகிறது. ரிங் போயிருந்தால் இவ்வளவு ஒழுங்காகப் போகாது. உறுதி செய்ய அந்த இரண்டு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறாவிட்டால் ரிங்கில் குற்றமில்லை.

இந்த இன்ஜினுக்கு நல்ல நிலை 199 பி.எஸ்.ஐ., கடைசி எல்லை 170, சிலிண்டர்களுக்கு நடுவே அதிகபட்ச வித்தியாசம் 14 சொச்சம். உங்கள் 175ம் 178ம் எல்லைக்கு மேலேதான் நிற்கின்றன. இளமை போய்விட்டது, ஆயுள் இருக்கிறது.

செய்ய வேண்டியது ஹெட் வேலை. ஹெட்டின் வளைவு 0.05 மி.மீ. தாண்டினால் ஃபேஸிங். இது பலரும் மறக்கும் இடம்: ஜிப்ஸியின் பிளாக்கும் அலுமினியம்தான், இரும்பு ஸ்லீவ் வைத்தது. ஆகவே பிளாக்கின் மேல்முகத்தையும் அதே நேர்ப்பட்டையால் பாருங்கள். ஹெட்டை மட்டும் சமம் செய்து வளைந்த பிளாக்கில் உட்கார வைத்தால் மூன்றே மாதத்தில் மறுபடி புகை. போல்ட் துளைகளில் தேங்கிய தண்ணீரையும் ஆயிலையும் காற்றடித்து வெளியேற்றுங்கள். துளையில் திரவம் இருந்தால் போல்ட் முறுக்கு அளவு பொய் சொல்லும்; முறுக்கும்போதே பிளாக் பிளக்கவும் செய்யும். மரை உருவிக்கொண்டு வந்தால் ஹெலிகாயில் (கம்பிச் சுருள் மரை) போடலாம், பயப்பட வேண்டாம்.

சூடேறிய காரணத்தைப் பிடிக்காமல் மூடாதீர்கள். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா பாருங்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்லும் பழக்கம் மலையில் பரவலாக இருக்கிறது; கெடுதல். குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் பெட்ரோல் இறங்கும், போர் தேயும். ஃபேன் கிளட்ச், ரேடியேட்டரின் நடுக்குழாய் அடைப்பு, மூடியின் ரப்பர் ஆகிய மூன்றையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

யாராவது மாருதி எஸ்டீம் கார் இன்ஜினையோ பலேனோ 1.6 கார் இன்ஜினையோ சிபாரிசு செய்வார்கள். எஸ்டீமும் அதே 1298 சி.சி. குடும்பம்தான், ஆனால் அதில் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கும். ஆயில் சம்ப், ஆயில் உறிஞ்சும் வலைக்குழாய், இன்லெட் மேனிஃபோல்டு ஆகியவற்றை உங்கள் ஜிப்ஸியில் இருந்து மாற்ற வேண்டியிருக்கும். 1590 சி.சி. பலேனோ இன்ஜின் ஓட்ட ருசியாக இருக்கும், ஆர்.சி.யில் சி.சி. மாறும் என்பதால் போடிநாயக்கனூர் வாசகருக்குச் சொன்ன அதே சிக்கல். உங்கள் வண்டிக்கு இரண்டுமே தேவையில்லை.

கேள்வி: தாத்தா காலத்து சி.ஜே.3பி ஜீப், பெட்ரோல். எட்டு வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது. இன்ஜின் அசையவில்லை. டீசல் இன்ஜின் மாட்டிவிட்டால் பிழைப்பு நடக்கும் என்கிறார்கள்.
வாசகர், பொள்ளாச்சி

பதில்: மாட்டாதீர்கள். பெட்ரோலில் இருந்து டீசலுக்கு மாற்றினால் ஆர்.சி. சிக்கல், பழைய ஜீப்பைத் தேடி வருபவர் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு அதில் இருக்கும் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினுக்குத்தான். நின்று துருப்பிடித்து இறுகியது வேறு, ஓடி இறுகியது வேறு. முதல் வகை பெரும்பாலும் பிழைக்கும்.

ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் டீசலோ, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்ததோ அரைக்கால் தம்ளர் விட்டு ஒரு வாரம் விடுங்கள். தினம் கொஞ்சம் சேர்க்கலாம். பிறகு கிராங்க் முன்நட்டில் நீளக் கைப்பிடி போட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். ஒரே திசையில் பலம் காட்டினால் ரிங் உடையும். நூல் அளவு அசைந்தால் போதும், மீதி பொறுமை.

சுற்றவில்லை என்றதும் பிஸ்டன்மேல் மட்டும் சந்தேகப்படாதீர்கள். இந்த இன்ஜினில் இன்லெட் வால்வு ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே இருக்கும். ஈரம் இறங்கிப் பிளாக் வால்வுகள் ஒட்டிக்கொள்வது சகஜம். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் அவற்றின் அடிப்பகுதி தெரியும். எண்ணெய் விட்டுத் தட்டி இளக்கலாம்.

ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால் ஒரு எச்சரிக்கை. எல்லா போல்ட்டையும் எடுத்தும் ஹெட் வரவில்லை என்று உளி வைத்து நெம்பி உடைத்தவர்கள் உண்டு. ஒரு போல்ட் கார்புரேட்டருக்கு அடியில், காற்று போகும் துளைக்குள் ஒளிந்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றினால்தான் கண்ணில் படும். திரும்ப மாட்டும்போதும் அதை மறக்கக் கூடாது.

உள்ளே பார்க்க வேண்டியது எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் போருக்கும் நடுவே உள்ள மெல்லிய சுவர். விரிசல் விழும் இடம் அது. விரிசல் இல்லையென்றால் 10, 20, 30, 40 தவ் என்று நாலு சைஸ் பிஸ்டன் இந்த இன்ஜினுக்கு உண்டு. இன்னும் எத்தனை சைஸ் மிச்சம் என்று அளந்து பாருங்கள். விரிசல் இருந்தால் நல்ல ஹரிக்கேன் பிளாக் ஒன்றைத் தேடுங்கள்.

வேகம் எதிர்பார்க்க வேண்டாம். 5.38 ரேஷியோ ஆக்ஸில், 6.00-16 டயரில் டாப் கியரில் 2500 ஆர்.பி.எம். சுற்றினால் மணிக்கு 60 கி.மீ. சொச்சம்தான் வரும். எந்த இன்ஜின் மாட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கப் போகிறேன். ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?
வாசகர், திருவள்ளூர்

பதில்: கடைக்காரர் கழுவிப் பெயின்ட் அடித்த இன்ஜினை விட அழுக்கோடு கிடப்பதே மேல்; எங்கே ஆயில் கசிந்தது என்று அழுக்கு காட்டிக்கொடுக்கும். கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரே சீராகப் போக வேண்டும். ஃப்ளைவீல் பக்கம் நெம்பி முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கையிலேயே 'டக்'கென்று ஆட்டம் தெரிந்தால் த்ரஸ்ட் வாஷர் போயிருக்கிறது. ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி படிந்திருந்தால் தண்ணீர் கலந்த இன்ஜின். தண்ணீர் வாயில் விரலை விட்டால் துருச் சேறு வருகிறதா பாருங்கள். பேட்டரி கொண்டுபோய்த் தரையிலேயே கம்ப்ரஷன் பார்க்கலாம்; மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். சம்பைக் கழற்றி ஒரு பிக் எண்ட் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இன்ஜின் எண் பொறித்த இடத்தில் கிரைண்டிங் தடமோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் பேரம் பேசாமல் நகருங்கள். எண்ணைக் குறிப்பிட்ட பில்லும், அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான நகலும் இல்லாத இன்ஜினை ஆர்.டி.ஓ. ஏற்க மாட்டார். திருட்டு இன்ஜின் என்று தெரிந்தால் போலீஸ் வருவது உங்கள் வாசலுக்கு.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் சீரிஸ் 3 லாண்ட் ரோவர், 2.25 டீசல். கறுப்புப் புகை, ஏற்றத்தில் முதல் கியரில்தான் போகிறது. கிராங்க் கடைசி சைஸுக்கு வந்துவிட்டதாகக் கராஜ் பாஸ் சொல்கிறார். லாண்ட் ரோவர் டிஸ்கவரியில் இருந்து எடுத்த 200 டி.டி.ஐ. டர்போ டீசல் இன்ஜின் கிடைக்கிறது. போடலாமா?
வாசகர், ஹட்டன், இலங்கை

பதில்: போடலாம். இந்தப் பக்கத்தில் "மாற்றுங்கள்" என்று சொல்லும் ஒரே பதில் இதுதான். கிராங்க் முடிந்துவிட்டது, வேலை செய்து தேற்றினாலும் கிடைப்பது அதே 62 குதிரைசக்தி. 200 டி.டி.ஐ. அதே பழைய லாண்ட் ரோவர் நாலு சிலிண்டர் வரிசையின் வாரிசு. இன்ஜின் மவுண்ட் இடங்களும் கியர்பாக்ஸ் முகமும் அந்த மரபிலேயே வருவதால் வெட்டி ஒட்டும் வேலை குறைவு. 2495 சி.சி., டிஸ்கவரி வகையில் 111 குதிரைசக்தி. 300 டி.டி.ஐ. மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்தப் பக்கம் போகாதீர்கள். அதன் மவுண்ட் இடங்கள் மாறிவிட்டன, வேலை இரட்டிப்பாகும்.

டிஸ்கவரி வகையில் டர்போ தாழ்வாகத் தொங்கும். சீரிஸ் வண்டியின் சேஸியில் இடிக்கும். டிஃபெண்டர் 200 டி.டி.ஐ.யின் மேனிஃபோல்டும் டர்போவும் மேலே உட்காரும் வகை. இன்ஜின் பேரம் முடியும் முன்பே அதைத் தேடி வையுங்கள். ஆயில் ஃபில்டர் தலையில் இருந்து ஆயில் கூலருக்கு இரண்டு குழாய் போகும். கூலரையும் வாங்கிப் பொருத்துங்கள். ஒன்றை அடைத்து ஒன்றைத் திறந்து விட்டால் ஆயில் முழுவதும் ரோட்டில். இன்டர்கூலர் நிற்க ரேடியேட்டர் சட்டத்தை முன்னே தள்ள வேண்டியிருக்கும். பம்பின் நிறுத்தும் சோலினாய்டுக்கு இக்னிஷனில் இருந்து 12 வோல்ட் போக வேண்டும். இன்ஜின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், முன் ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

சீரிஸ் 3 ஆக்ஸில் 4.7 ரேஷியோ. டாப் கியரில் 3000 சுற்றுக்கு 80 கி.மீ. சொச்சம். கொழும்புக்கு அடிக்கடி ஓட்டுபவர்கள் 3.54 டிஃப்ரென்ஷியல் மாற்றுவார்கள். தேயிலை மலைக்கு 4.7ஏ நல்லது, அப்படியே விடுங்கள். ஆனால் பின் ஆக்ஸில் ஷாஃப்டும் கியர்பாக்ஸும் 62 குதிரைக்குச் செய்தவை. முதல் கியரில் கிளட்சைத் திடீரென்று விட்டால் ஷாஃப்ட் முறியும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். வேகம் கூடிய வண்டிக்கு வேக்யூம் சர்வோ கட்டாயம். டி.டி.ஐ.யில் வேக்யூம் பம்ப் இருப்பதால் பொருத்துவது எளிது. இன்ஜின் எண் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிய பிறகே ரோட்டுக்கு எடுங்கள்.

கேள்வி: போர் போட்ட இன்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாகவே ஓட்ட வேண்டுமா?
வாசகர், சத்தியமங்கலம்

பதில்: மெதுவாக என்றால் மாட்டு வண்டி வேகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதுதான் கெடுக்கிறது. ரிங் சுவரோடு பழக அழுத்தம் வேண்டும். ஐடிலில் மணிக்கணக்கில் ஓடவிட்டால் ஹோனிங் கோடுகளின்மேல் ஆயில் எரிந்து கண்ணாடி மாதிரி படியும். பிறகு அந்த இன்ஜின் ஆயுள் முழுக்க ஆயில் குடிக்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், டீசல் என்றால் நிறுத்தும் கேபிளை இழுத்துப் பிடித்தும், பெட்ரோல் என்றால் பிளக்கைக் கழற்றியும், ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றி ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை விடுங்கள். புஷ்ராடு இன்ஜினில் புதுக் கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் இருபது நிமிடம் 2000 சுற்றுக்குக் குறையாமல் வைத்திருங்கள்; கேமுக்கும் டாப்பெட்டுக்கும் ஆயில் தெறிப்பது அந்த வேகத்தில்தான். பிறகு காலி வண்டியில், பாதி ஆக்ஸிலரேட்டரில் ஏற்றமும் இறக்கமுமான ரோட்டில் ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் பிடிக்க வேண்டாம். ஏற்றத்தில் அழுத்தி, இறக்கத்தில் கியரிலேயே காலை எடுங்கள். சாதாரண மினரல் ஆயில் போதும். சிந்தெடிக் முதல் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு வேண்டாம்.

500 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள். ஹோனிங்கின் மெல்லிய சாம்பல் தூள் இருக்கலாம். செம்பு நிறம் மின்னினால் பில்லை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.